மூன்று குட்டிகளும் ஒரு கைராசியும்

என் தங்கைக்கு மனிதர்களைக் கண்டாலே ஆகாது. கால்நடை மருத்துவமனையில் நர்ஸ் வேலை. மரத்திலிருந்து விழுந்த அணில் குட்டியை யாராவது கொண்டு வந்தால், வாங்கும்போதே எரிந்து விழுவாள். "பசும்பால் குடுத்தீங்களா? குடுத்திருப்பீங்களே." பிறகு அந்தக் குட்டி அவள் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிடும். அங்கே புருஷனுக்குக்கூட அனுமதி கிடையாது.

காரணம் இருக்கிறது. அணிலுக்கு அம்மை மாதிரி ஒரு வைரஸ் வரும். உதட்டிலும் இமையிலும் புண் கிளம்பி, குட்டியால் பால் உறிஞ்ச முடியாமல் போகும். தொட்டால் ஒட்டிக்கொள்ளும், மருந்தே இல்லை. அதனால் புதுக் குட்டிக்குப் பெட்டி தனி, துணி தனி, பால் ஊட்டும் சிரிஞ்சும் தனி.

அன்று பின்னறையில் மூன்று குட்டிகள் வால் புசுபுசுத்து, மரமேறத் தயாராக இருந்தன. முந்தின நாள் வந்த நாலாவது, தனிப்பெட்டியில் கத்திக்கொண்டிருந்தது. தங்கை வேலைக்குப் போனதும் அவள் மாமியாருக்கு இரக்கம் பொங்கிவிட்டது. சொந்தப் பேரனுக்குக் காய்ச்சல் என்றால் எட்டி நின்று விசாரிக்கிற அம்மாள், அதைத் தூக்கி மற்ற மூன்றோடு போட்டுவிட்டார்.

சாயங்காலம் தங்கை வந்து பார்த்தபோது நாலும் ஒட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன.

"யார் இத இங்க போட்டது?"

"தனியா கெடந்து கத்துச்சும்மா. உனக்குப் பாவமா இல்லையா?"

நாலையும் பிரித்தாள். பிரயோசனமில்லை. முதலில் புதுக் குட்டியின் உதட்டில் பொருக்கு கட்டியது, பிறகு மூன்றுக்கும். லீவு போட்டுச் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். மூன்றும் ஒவ்வொன்றாகச் செத்தன. நோயைக் கொண்டு வந்தது மட்டும் பிழைத்துக்கொண்டது.

மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நான் தொட்ட குட்டி பொழச்சிடுச்சு, என் கைராசி அப்படி" என்றார்.

புண் ஆறி, அதை வெளியே விடுகிற நாளில் பெட்டியைத் திறக்க அவரே முதல் ஆளாக வந்து நின்றார்.

"தொடாதீங்க அத்தை," என்றாள் தங்கை. "நீங்க கொன்னது மூணு. அதையும் சேத்துச் சொல்லுங்க."

அவ்வளவுதான். மருமகள் தன்னைக் கொலைகாரி ஆக்கிவிட்டதாக மாமியார் சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் போன் போட்டு அழுதார். எனக்கும் போன் வந்தது. வீட்டில் சண்டை வேண்டாமே என்று தங்கையிடம், "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடேன்" என்றேன்.

"எதுக்கு? இத்தன நாளும் பொழச்ச ஒண்ணத்தான சொன்னாங்க, செத்த மூணையும் அவங்க வாயாலயே ஊருக்கெல்லாம் சொல்றது இப்பத்தான்," என்றவள், பின்னறைக்குப் பூட்டு வாங்கக் கிளம்பிவிட்டாள்.