யசோதராவின் ஜன்னல் சீட்டு

யசோதராவின் வாய்க்கு, ஸ்கெலட்டன் என்று பெயர் வாங்கிய காலை ரயிலில் பயப்படாதவர்கள் இரண்டே வகை. காது கேட்காதவர்கள் ஒரு வகை. வேந்தன் இன்னொரு வகை.

கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியபோது அவள் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாள். அப்பாவுக்கு நெஞ்சு நிறையக் கல்தூசி. அன்று பெங்களூர் வண்டி ஏறியவள் இன்றுவரை இறங்கவில்லை என்றே சொல்லலாம். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில், தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிக்கிற வேலை. குறை கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுக்கிறார்களே என்று அவளுக்கே ஆச்சரியம்தான். தம்பியைப் படிக்க வைத்தாள், தங்கைக்குப் புத்த விகாரையில் கல்யாணம் செய்து வைத்தாள். அவள் கல்யாணப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு அதெல்லாம் வேணாம்" என்று அவளே அறிவித்தாள். வீட்டார் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அந்த மூச்சு அவளைச் சுட்டது. வாய் இவ்வளவு நீண்டது அதற்குப் பிறகுதான்.

வேந்தன் லேத் பட்டறைக்காரன். அவனும் அதே காலை வண்டி, எதிர் சீட்டு. "கல்யாணம் பண்ணிகினா ரயில்ல தூங்கற தூக்கமும் பூடும்" என்று சொல்லியே தலை நரைக்கத் தொடங்கியவன். இருவரும் மாரிகுப்பத்தில் ஆரம்பிக்கும் சண்டை ஒயிட்ஃபீல்டில்தான் முடியும்.

இந்த நேரத்தில் எட்மண்ட் சாருக்கு நாடக ஆசை வந்தது. தனியார் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார், ஊர்காமில் ஏறுகிறவர். நானூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் ராணி காலத்தில் ஆடிய ஒரு சிரிப்பு நாடகத்தைக் கோலார் தங்கவயல் தமிழுக்கு மாற்றி, டிசம்பர் விழாவில் போடுவது என்று முடிவு செய்தார். ஒத்திகை ரயிலிலேயே நடந்தது. அதில் முக்கியமானவர்கள் நாலு பேர். ஒரு ஜோடி வாய் திறக்காமல் காதலித்து, எவனோ சொன்ன பொய்யை நம்பிப் பிரிந்து, அழுது சேரும். இன்னொரு ஜோடி வாயை மூடாமல் சண்டை போடும். அவர்கள் செடி மறைவிலிருந்து ஒட்டுக்கேட்கும்படி, 'அவன் உனக்காக உருகறான், அவ உனக்காக ஏங்கறா' என்று கூட்டாளிகள் கதை கட்ட, இருவரும் காதலில் விழுவார்கள். முதல் ஜோடிக்கு, ஊர்காமில் சாரோடு ஏறும் ஷோபாவும் சைலஸும். இரண்டாவது ஜோடிக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

சண்டைக் காட்சிக்குப் பெட்டியே கைதட்டியது. காதல் காட்சி வந்தால் மட்டும் இருவரும் தந்திக் கம்பம்போல நின்றார்கள்.

யசோதராவுக்கு அதற்குக் காரணம் இருந்தது. ஜனவரியில் பெங்களூரில் பட்டறைக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துப் போகப் போவதாக வேந்தன் சொல்லியிருந்தான். "போங்க, பொட்டிக்குள்ள கொஞ்சம் காத்தாவது வரும்" என்றாள். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறைப்பானேன், அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது, வெகு நாளாகவே. அதைச் சொல்லி அவன் சிரித்துவிட்டால் தாங்குவதற்குத்தான் தெம்பில்லை.

எட்மண்ட் சார் நாடகத்துத் தந்திரத்தையே நிஜத்தில் செய்து பார்க்கத் துணிந்தார்.

"அவங்க ரெண்டு பேருக்கும் நாடகம் மனப்பாடம் சார். ஒடனே கண்டுபுடிச்சிடுவாங்க" என்றாள் ஷோபா.

"தெரிஞ்சே விழுவாங்க, பாரும்மா" என்றார்.

செடி மறைவுக்கு ரயிலில் எங்கே போவது? தேவையே இல்லை. தூங்குகிறவர் பெட்டியில் இல்லாதவர் என்பது அந்த வண்டியின் எழுதாத சட்டம். முக்காடு போட்டுச் சாய்ந்தவரின் தலைக்கு மேலேயே அவர் மருமகளைப் பற்றிப் பேசலாம். காதில் விழுந்தாலும் அசையாமல் கிடப்பதுதான் மரியாதை.

மறுநாள் ஊர்காமில் மூவரும் ஏறியபோது, ஜன்னல் சீட்டில் யசோதராவின் மெரூன் சால்வை தலைவரை இழுத்துப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தது. எட்மண்ட் சார் ஷோபாவுக்குக் கண்ணைக் காட்டினார். சைலஸ் தொண்டையைக் கனைத்தான்.

அன்று யசோதராவுக்கு நேரமாகிவிட்டது. ஓடி வந்து கடைசிப் பெட்டியில் தொற்றி, கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கித் தன் பெட்டிக்கு மாறினாள். முந்தின நாள் மறந்துவிட்டுப் போன சால்வை தன் சீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அதற்குக் கீழே நீட்டியிருந்த செருப்பு வேந்தனுடையது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த எட்மண்ட் சார், "பாவம்மா வேந்தன், யசோதரான்னா உயிரை வுட்றான். வாய்ல சண்டை, மனசுல அவ தான்" என்று உருகிக்கொண்டிருந்தார்.

நாடகத்தின் அதே காட்சி. அவளுக்கு உடனே புரிந்தது. இந்த வார்த்தைகளைத் தன்னைப் பற்றி யாராவது சொல்ல வேண்டுமென்றால் நாடகத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

சால்வை விலகியது. உள்ளேயிருந்து வேந்தனின் முகம் வெளுத்துப்போய் வெளியே வந்தது.

"சார், இத உங்களுக்கு யார் சொன்னது? நான் யார்கிட்டயும் வாயே தொறக்கலியே."

தான் கட்டிய பொய் எப்படி உண்மையானது என்று எட்மண்ட் சாருக்கு விளங்கவில்லை. அவர் தோளுக்கு மேலே யசோதரா நிற்பதைக் கண்ட வேந்தன் சால்வையை மடிக்க ஆரம்பித்தான். மடிப்பு சரியாக வரவில்லை.

"குளிரா இருந்துது. உங்க சீட்ட யாரும் புடிச்சிடக் கூடாதுன்னு தான்..."

ஊரையே மடக்கும் பதில்கள் அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. எல்லாவற்றையும் ஒதுக்கினாள். தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"பெங்களூருக்குப் போவாதீங்க, வேந்தன்."

எதிர் வரிசையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த பார்வதம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"இன்னாப்பா, ஒண்ணு சொல்லித் தொல. பங்காருபேட்டை வரப்போவுது, நான் எறங்கணும்."

வேந்தன் யசோதராவையே பார்த்தான்.

"அந்த வூடு வேணாம்னு போன வாரமே சொல்லிட்டேன்" என்றான்.