அண்ணனின் தொடையில் இருந்த தகடு

அண்ணனை எரித்த மறுநாள் காலை, பால் ஊற்றுவதற்காகச் சுடுகாட்டுக்குப் போனேன். எனக்கு அழுகை வரவில்லை. முதல் நாளும் வரவில்லை. சொந்தக்காரர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள் என்று தெரியும். மெட்ராஸில் படித்தவன் இப்படித்தான் இருப்பான் என்று நினைத்திருப்பார்கள்.

அண்ணன் திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் பஸ்ஸில் கண்டக்டர். எண்பதுகளின் தொடக்கத்தில், கார்த்திகை தீபக் கூட்டத்தின்போது படிக்கட்டிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஒரு சாண் நீளத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை வைத்துத் திருகாணி போட்டு முடுக்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் நான் மெட்ராஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். என் வேலையும் அதே எஃகோடுதான். சின்னத் துண்டுகளாக வெட்டி, மெருகேற்றி, நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில் முக்கி எடுப்பேன். எத்தனை நொடியில் எவ்வளவு புரதம் மேலே படிகிறது என்று அளப்பேன். துண்டைக் கையால் தொடவே கூடாது. விரல் பட்டால் விரலில் உள்ளதுதான் முதலில் ஒட்டும், கணக்கு கெட்டுவிடும். இடுக்கியால் ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். நான்கு வருடம் இப்படி ஓரத்தைப் பிடித்தே போனது.

ஊருக்கு வரும்போதெல்லாம் அண்ணன், "இன்னா சைண்டிஸ்டு, என் காலு எப்பிடிக் கீது?" என்று சீண்டுவான். ஒரு மார்கழியில் மட்டும் கிண்டல் இல்லாமல் கேட்டான்.

"குளிரு ஜாஸ்தியானா உள்ள குடையுதுடா. இரும்ப எடுத்துடச் சொல்லலாமா?"

நான் பாடம் நடத்தினேன். "இரும்பு உன்னைத் தொடவே இல்லண்ணா. உள்ள வெச்ச ஒடனே உன் ரத்தத்துல இருக்கிற புரதம் அதுமேல போர்வை மாதிரி படிஞ்சிடும். உன் ஒடம்புக்குத் தெரியறது அந்தப் போர்வைதான்."

"அப்ப குடையறது எதுடா?"

நான் அளந்தது போர்வை படிகிற வேகத்தை மட்டும்தான். "என் ஆராய்ச்சி முடியட்டும். நானே கூட்டிட்டுப் போயி எடுத்துடறேன்" என்றேன்.

"சரி, நீ படிச்சவன்" என்றான். அடுத்த மார்கழியிலும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது மார்கழி வருவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டான்.

சுடுகாட்டில் அண்ணனை எரித்தவர் சாம்பல்மேல் தண்ணீர் தெளித்து, குச்சியால் கிளறி எலும்புகளைப் பொறுக்கினார். ஓரிடத்தில் குச்சி டங்கென்று தட்டியது. தகட்டை எடுத்து நீட்டினார்.

"இதுவும் வந்திருக்குதுங்க. எலும்போட கரைக்கிறதா, வேணாங்களா?"

நான் இரண்டு நகங்களால் அதன் ஓரத்தைப் பிடித்து வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நெருப்பில் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தது. போர்வை எரிந்துபோய் வெறும் உலோகம். இவ்வளவு சுத்தமான துண்டு ஆய்வுக்கூடத்தில்கூட எனக்குக் கிடைத்ததில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கம்கூட வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

"பால ஊத்துங்க" என்றார்.

தகட்டை எலும்புகளோடு வைத்துப் பாலை ஊற்றினேன். பாலிலும் புரதம் உண்டு. பட்டவுடனே படிய ஆரம்பித்துவிடும். பழக்கதோஷம், மனசுக்குள் நொடிகளை எண்ணினேன். பத்தைத் தாண்டும்போதுதான் சுரீரென்று உறைத்தது. குடையுது குடையுது என்றானே, எந்த இடத்தில் என்று அந்தத் தொடையில் நான் ஒரு தடவைகூடக் கை வைத்துப் பார்த்ததில்லை.

"இதக் கரைக்க வேணாங்க" என்று சொல்லிவிட்டுத் தகட்டை எடுத்தேன். இந்தத் தடவை ஓரத்தைப் பிடிக்கவில்லை. உள்ளங்கை முழுக்கப் பட, இறுக்கிப் பிடித்தேன். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஆறும்வரை விடவில்லை.