‘போய்ட்டு வாங்க’ என்றார்கள்

நான் குடியிருக்கும் ஊரில் அரசியல் பேச வேண்டுமென்றால் கையில் ஒரு மரக்கரண்டி இருக்க வேண்டும். கேலிக்குச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் இந்தச் சின்ன ஊரின் நூலகத்தில், வியாழக்கிழமை சாயங்காலங்களில் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். அரசியலையும் மதத்தையும் மரியாதை குறையாமல் பேசுவதற்கான குழுவாம். கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பேசி முடித்தவர் அதை அடுத்தவருக்கு நீட்டுவார், வாங்கியவர் நன்றி சொல்வார், நீட்டியவர் அந்த நன்றிக்கு ஒரு நன்றி சொல்வார். நான் உப்புமா கிளறும் கரண்டியேதான். முதல் நாள் அது என் கைக்கு வந்தபோது, யாரோ தெரியாமல் எடுத்து வந்துவிட்டார்கள், உள்ளே வைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து எழுந்து போய் டீ போடும் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கரண்டி மேசையில் கிடந்ததால் ஒருவரும் பேசவும் இல்லை. குழுவை நடத்தும் மார்கரெட் என்ற அம்மையார்தான் கடைசியில் போய் அதை எடுத்து வந்தார்.

எனக்கு அங்கே ஒரு காரியம் இருந்தது. இந்த ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு வேனில் அடங்கிவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு விளக்கேற்றி நாலு பாட்டுப் பாட எங்களுக்கு ஓர் இடம் வேண்டும். வீட்டில் பாடினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார், அதையும் மரியாதையாகத்தான் தட்டுகிறார். நூலகத்தின் பின்னால் பொதுக்கூடம் ஒன்று பூட்டியே கிடந்தது. அதை வேற்று மதத்தாரின் வழிபாட்டுக்குத் தரலாமா என்பதுதான் அன்றைய விவாதம். அந்த வேற்று மதம் நான்தான். என்னை உட்கார வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசினார்கள், ஒரு கடுஞ்சொல் இல்லை. கடைசியில் காலின் என்ற பெரியவர் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “வித் ரெஸ்பெக்ட், உங்கள் யோசனை வெரி இன்ட்ரஸ்டிங். கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்வோம்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கூடம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே கேசரி கிண்டி, எல்லாத் தமிழ் வீடுகளுக்கும் டப்பாவில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் வேலை செய்யும் பல் மருத்துவமனையில் உடன் வேலை பார்க்கும் ஜேனுக்கும் மறுநாள் ஒரு டப்பா. காலின் சொன்னதைச் சொன்னதும் அவள் முகம் போன போக்கு இருக்கிறதே! வெரி இன்ட்ரஸ்டிங் என்று ஒருவர் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தமாம். வித் ரெஸ்பெக்டும் சேர்ந்தால் அந்தப் பேச்சையே இனி எடுக்காதே என்று அர்த்தமாம். கூடம் இப்போது நாய்களுக்கு ஒழுக்கம் பழக்கும் வகுப்புக்குப் போய்விட்டது. நாய்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவற்றைப் பற்றி யாரும் வட்டம் போட்டு விவாதிக்கவில்லை என்பதுதான் எரிச்சல்.

இந்த எரிச்சலோடு சனவரியில் நீண்ட விடுப்பில் கோயம்புத்தூர் வந்தேன். கணபதியில் பிறந்து வளர்ந்தவள் நான். நம்மூரில் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவார்கள் என்று விமானம் முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன். அண்ணன் தங்கவேல் கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டுப் போர்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு மரக்கரண்டி ஞாபகம் வந்தது. தேர்தல் நேரத்தில் வீதியின் வாட்ஸப் குழுவில் அடிதடி வராத குறையாம். அதற்குப் பிறகு வீதிக்காரர்கள் சேர்ந்து நல்லுரையாடல் வட்டம் என்று ஒன்று ஆரம்பித்துவிட்டார்கள். கட்சிப் பெயர் சொல்லக் கூடாது, தலைவர் பெயர் சொல்லக் கூடாது, சாமி பெயர் சொல்லக் கூடாது. “அவங்க ஆட்சீல” என்று ஒருவர் சொல்ல, “இவங்க மட்டும் என்னங்க” என்று இன்னொருவர் சொல்ல, எவர் எவரைச் சொல்கிறார் என்று தெரியாமலே நடுவில் வைத்த தேங்காய் பன் தீர்ந்துபோகும். கரண்டி இல்லை. நமக்கு எதற்குக் கரண்டி, ‘ங்க’ இருக்கிறதே. கோபம் ஏற ஏற அது கூடும். “நீங்க மொதல்ல வாய மூடுங்க” என்று நம்மால்தான் சொல்ல முடியும்.

அன்றைய பேச்சு சலீமைப் பற்றி. சலீம் ஜார்க்கண்டிலிருந்து வந்து அண்ணன் பட்டறையில் லேத்து ஓட்டுபவர். தமிழைப் பட்டறையிலேயே கற்றுக்கொண்டதால் எல்லாவற்றுக்கும் ‘ங்க’ போடுவார். வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட “தள்ளிப் படுங்க” என்பார். பட்டறைக்கு மேலே ஓர் அறையில் மற்ற ஆட்களோடு தங்கியிருந்தார். மனைவியையும் மகளையும் கூட்டிவந்து, மகளை இங்கேயே பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. காலியாக இருக்கும் மாடி போர்ஷனைத் தருகிறேன் என்று அண்ணனும் சொல்லியிருந்தார். வீதிக்கு விஷயம் தெரிந்து, வட்டத்துக்கு வந்துவிட்டது. சலீம் அங்கே இல்லை. அவரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மார்கரெட் மேல் எனக்கு முதன்முதலாக மதிப்பு வந்தது.

“தங்கமான பையனுங்க, நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டனுங்க” என்று ஆரம்பித்தார் எதிர்வீட்டு ரங்கசாமி, மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். “ஆனா பாருங்க, குடும்பத்தோட வந்தா நாலு பேரு வருவாங்க, போவாங்க. அவிய பழக்கம் வேறைங்களே. நாளைக்கு அவருக்கே சங்கடமாப் போயிருமுங்க.” எல்லோருக்கும் சலீமின் சங்கடத்தைப் பற்றித்தான் கவலை. மதம் என்ற சொல் கடைசிவரை வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. “அவருக்கு வீடு உண்டா, இல்லையா? ஒத்த வார்த்தைல சொல்லுங்க” என்றேன். ரங்கசாமி சிரித்தார். “பட்டுனு பேசறது நம்ம பழக்கமில்லீங்க அம்மணி. இங்கிலாந்துல அப்படித்தான் பேசுவாங்களாட்ட இருக்குது.” இங்கிலாந்தில் எப்படிப் பேசுவார்கள் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் சாயங்காலம் அண்ணனிடம் கேட்டேன்.

“சலீம்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டீங்களாண்ணா?”

“சொல்லிப்போட்டேன் கண்ணு. ஊடெல்லாம் பொறகு பாத்துக்கலாம், நீங்க ஊருக்குப் போய்ட்டு வாங்கன்னு சொன்னேன்.”

“அது இல்லைன்னு அர்த்தமா?”

“வேறென்ன? மூஞ்சீல அடிச்சாப்புல இல்லைன்னு சொல்லச் சொல்றயா?”

எனக்குத் திக்கென்றது. நம்மில் ஒருவரிடம் அந்தக் குரலில் ‘பொறகு பாத்துக்கலாம்’ என்றால் புரிந்துகொள்வார். கேசரி கிண்டியவளுக்குத்தான் தெரியும், புரியாதவர் என்ன செய்வார் என்று. அதற்குள் சலீம் ரயிலேறியிருந்தார். போன் போட்டு வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், அந்தப் புள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கப் போகிறார் என்றேன். “சரி கண்ணு” என்றார் அண்ணன். நம்மூர்ச் ‘சரி’க்கு என்ன அர்த்தம் என்பது இங்கிலாந்திலேயே இருந்து இருந்து எனக்கு மறந்துபோயிருந்தது.

நான் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு. வட்டம் கூடியிருந்தது. கேட்டுக்கு முன்னால் ஆட்டோ வந்து நின்றது. சலீம் இறங்கினார், பின்னால் ஒரு தகரப் பெட்டி, ஒரு மூட்டைப் பாத்திரம், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் மனைவி, இரட்டைச் சடை போட்ட மகள். முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு.

“போய்ட்டு வாங்கன்னு சொன்னீங்கண்ணா. வந்துட்டனுங்க.”

வட்டத்தில் எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, யார் சொன்னது என்று நினைக்கிறீர்கள், ரங்கசாமி. வாசலில் ஒருவர் வந்து நின்றால் நம் ஆட்களின் வாய் தானாகத் திறந்துகொள்ளும். “வாங்க, வாங்க, உக்காருங்க. அம்மணி, புள்ளைக்குத் தண்ணி குடுங்க” என்றார். நாற்காலிகள் வந்தன. சிறுவாணித் தண்ணீர் வந்தது. மகளுக்குத் தேங்காய் பன் கொடுத்து, எந்த வகுப்பு, பெயரென்ன என்று கேட்டார்கள். வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். மாடி போர்ஷன் சாவியைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. அது உள்ளே ஆணியில் தொங்கியது. நான் எடுத்து வந்தேன். அண்ணன் சமையலறை வாசலிலேயே என் கையைப் பிடித்துவிட்டார்.

“நீ நாளான்னைக்கு ஏரோப்ளேன் ஏறிருவ. இந்த வீதீல நாங்கதான் கண்ணு இருக்கோணும்.”

அந்த ஊரில் நான் வேற்று மதம். இந்த ஊரில் நான் ஏரோப்ளேன். சாவியை அண்ணன் வாங்கி ஆணியிலேயே மாட்டினார். நான் வெளியே வந்து சலீமின் பக்கத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “இவங்க உங்களுக்கு வீடு தர மாட்டாங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டாங்க. சொல்றதுக்கு வாய் வரல” என்றேன். நான் மரியாதை கெட்டவள் என்று அந்த வீதிக்கு அன்றைக்கு உறுதியானது. “அப்படியெல்லாம் இல்லீங்க தம்பி, பொறகு பாத்துக்கலாமுங்க” என்றார் ரங்கசாமி. சலீம் அவரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அண்ணன் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தார்.

“சரிங்க” என்றார் சலீம்.

கருமத்தம்பட்டியில் அவருடைய ஊர்க்காரர் ஒருவர் தறி ஓட்டுகிறாராம். இன்னொரு ஆட்டோ பிடித்துப் பெட்டியை ஏற்றினார். மகள் பாதி பன்னைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்குக் கையசைத்தாள். சலீம் கேட்டைச் சாத்திவிட்டு, சாத்திய கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, “போய்ட்டு வாரேனுங்க” என்றார். எங்கள் பாஷையை அன்றைக்குத்தான் அவர் முழுதாகக் கற்றுக்கொண்டார். மறுநாள் பட்டறைக்கு அவர் வரவில்லை. “மரியாதையாத்தான பேசுனோம், ஏன் வரல?” என்று அண்ணன் என்னிடமே கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

பீளமேடு விமான நிலையத்தில் அண்ணன் என் பெட்டியை இறக்கி வைத்தார். இரண்டு நாளாக நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவர் கண் கலங்கியிருந்ததா, வெயிலா, தெரியவில்லை. என் தோளைத் தட்டினார்.

“போய்ட்டு வா கண்ணு” என்றார்.

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அவர் சொல்வதுதான். நானும் ஒவ்வொரு முறையும் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டு உள்ளே போகிறவள்தான். அன்றைக்குக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அண்ணன் அதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று தெரியாமல். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. “ஏனுங்க, கொஞ்சம் நகருங்க” என்று யாரோ மரியாதையாகச் சொன்னார்கள்.