லாசர் ஐயாவும் இடம் மாறிய படிக்கட்டும்

நமது பழைய நிழற்பட வட்டத்தின் மதிப்பிற்குரிய உறுப்பினர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மறைந்த திரு. லாசர் அவர்களைப் பற்றிய நினைவுக் குறிப்பை அடக்கம் முடிந்த பத்து நாட்களுக்குள் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். இன்று முப்பத்திரண்டாம் நாள். இத்தாமதத்திற்குத் தங்கள் மன்னிப்பைக் கோருகிறேன். காரணம் உண்டு. அது என் மதிப்பைக் குறைக்கும் காரணம் என்பதால் எழுதுவதற்கு இத்தனை நாள் பிடித்தது.

செயலாளர் குமரேசன் தொலைபேசியில் செய்தி சொன்னபோது, நான் லாசர் அவர்களுக்கு எழுதிய புகார்க் கடிதத்தின் உறையை ஒட்டிக்கொண்டிருந்தேன். வட்டத்துக்குச் சொந்தமான கண்ணாடித் தகட்டு நெகட்டிவ் ஒன்றை வாங்கிச் சென்று ஐந்து மாதமாகியும் அவர் திருப்பித் தரவில்லை. கடிதம் இரண்டு பக்கம். ‘தங்களது மெத்தனப் போக்கு’ என்ற தொடர் அதில் மூன்று இடங்களில் வருகிறது. “லாசர் சார் போயிட்டாரு மேடம். காலையில காபி குடிச்சிட்டு அப்படியே சேர்லயே” என்றார் குமரேசன். நான் அதற்கு, “சற்றுப் பொறுங்கள், தபால்தலையை ஒட்டிவிட்டு வருகிறேன்” என்று பதில் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. ஆனால் அவர் இதைப் பலரிடம் சொல்லிவிட்டதாக அறிகிறேன்.

லாசர் அவர்கள் தொலைபேசித் துறையில் கம்பிவட ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் ஊரின் ரிச்சர்ட்ஸ் டவுன் பகுதியிலும் அதைச் சுற்றிலும் அவர் ஏறாத கம்பம் இல்லை. பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் நாமெல்லாம் முகங்களைப் பார்ப்போம். அவர் கம்பத்தைத் தேடுவார். கம்பம் தெருவின் எந்தப் பக்கம் நிற்கிறது, கம்பி எந்த வீட்டுக்குத் திரும்புகிறது என்று பார்த்தே தெருவின் பெயரைச் சொல்லிவிடுவார். “மனுசன் போட்டோவுக்குன்னு சிரிப்பான். கம்பம் சிரிக்காதும்மா” என்பது அவர் வாக்கு.

நானோ எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பீன்யாவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் மேற்பார்வையாளராக உயர்ந்து, மற்ற அனைத்தையும் நூலகத்தில் நானே கற்றுக்கொண்டவள். செம்மையாகப் பேசுவதை எங்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒருமுறை ஆட்டோ ஓட்டுநரிடம், “ஐயா, இவ்வீதியில் தொன்மையான இல்லம் ஏதேனும் எஞ்சியுள்ளதா?” என்று வினவினேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு மீட்டரை அணைத்தார். லாசர் அவர்கள் குனிந்து கன்னடத்தில் இரண்டே சொற்கள் சொன்னார், வண்டி கிளம்பியது. “அம்மா, நீங்க பேசுறது கல்வெட்டு மாதிரி இருக்கு. படிக்க ஆள் கூட்டிட்டு வரணும்” என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இன்றும் அப்படித்தான்.

இனி அந்தத் தகடு பற்றி. பழைய சாமான் கடையொன்றில் கிடைத்த அதில் ஆறு பெண்கள் ஒரு வீட்டின் முன் நிற்கிறார்கள். இடப்பக்கம் மாடிப்படி. ஆறு பேரும் முந்தானையை வலத் தோளில் போட்டிருக்கிறார்கள். ஸ்கேன் செய்தவள் நான். வீட்டைத் தேடி இரண்டு மாதம் நானும் லாசர் அவர்களும் தெருத்தெருவாக நடந்தோம். கடைசியில் திரு. தேவதாஸ் என்னும் முதியவர் கதவைத் திறந்து, படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன்மேல் விரல் வைத்தார். “இது நம்ம வீடுதாங்க. இதோ நிக்கிறது ரோஸ் அத்தை. என்னை வளர்த்தவங்க. அவங்க படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல” என்றார்.

நான் வெளியே சென்று பார்த்தேன். அவ்வீட்டின் மாடிப்படி வலப்பக்கம் இருந்தது.

“அன்புகூர்ந்து பொறுத்தருள்க. இது தங்கள் இல்லம் அன்று” என்று அவர் வீட்டு வாசலில் நின்றே அவருக்கு விளக்கினேன். அத்தையின் முகம் தமக்குத் தெரியாதா என்று அவர் கேட்டார். முகச் சாயல் சான்றாகாது என்றேன். அப்போது லாசர் அவர்கள், கம்பமும் எதிர்ப்பக்கம் இருப்பதாக மெல்லச் சொன்னார். கம்பங்களை இடம் மாற்றி நடுவது வழக்கம், படிக்கட்டுகள் நடப்பதில்லை என்று அதையும் மறுத்தேன். அவர் தேவதாஸைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு எனக்காகக் கேட்டைத் திறந்துவிட்டார். தேவதாஸ் கொடுத்த பிளம் கேக்கைக்கூட நான் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு நான் ஆற்றிய உரையைத் தாங்கள் அறிவீர்கள். பழைய படைக் குடியிருப்பான கன்டோன்மென்ட்டின் பெண்கள் வலத் தோளில் முந்தானை அணிந்தது வடநாட்டு வணிகக் குடும்பங்களின் தாக்கத்தால்தான் என்று நாற்பது நிமிடம் நிறுவினேன். அவ்வுரையே நமது கண்காட்சி நூலுக்கான என் கட்டுரையும் ஆயிற்று. லாசர் அவர்கள் முதல் வரிசையில் அமர்ந்து, எல்லாரும் நிறுத்திய பிறகும் கைதட்டினார். மறுவாரம் தகட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அடக்கத்தன்று அவர் மகள் ஸ்டெல்லா ஒரு பிஸ்கட் டப்பாவை என்னிடம் கொடுத்தார். “அப்பா இது உங்களுக்குத்தான்னு சொல்லிட்டே இருந்தாரு ஆன்ட்டி. எடுத்து வைப்பாரு, மறுபடி உள்ள வெச்சிடுவாரு” என்றார். உள்ளே தகடு, ஒரு புதிய பிரதி, ஒரு துண்டுச் சீட்டு. பிரதியில் மாடிப்படி வலப்பக்கம் இருந்தது. ஆறு பெண்களின் முந்தானையும் ஊரார் அனைவரையும் போல இடத் தோளில் இருந்தது. தகட்டை நான் புரட்டி வைத்து, இடமும் வலமும் மாறும்படி ஸ்கேன் செய்திருக்கிறேன். நான் நிறுவிய வழக்கம் என் ஸ்கேனருக்குள் மட்டுமே நிலவியது.

சீட்டில் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘அம்மாவிடம் சொல்ல வேண்டும்.’ அதன் கீழே, ‘இன்று வேண்டாம், உரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.’ அதன் கீழே, ‘இன்றும் உரையைப் பற்றித்தான்.’ இப்படிப் பதினொரு வரிகள். கடைசி வரி: ‘கண்காட்சி நூல் அச்சாகும் முன் கட்டாயம்.’

மூன்று வாரம் அந்த டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பிறகு, தேவதாஸ் அவர்களுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது என்ற எண்ணம் என்னை எழுப்பியது. பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் நான்கு வாக்கியங்களை அமைத்து மனனம் செய்திருந்தேன். அவர் கதவைத் திறந்ததும் ஒன்றும் வரவில்லை. “தப்பு பண்ணிட்டேங்க” என்றேன். அவர் கூடத்துச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றினார். அதன் பின்னால், சட்டம் போட்டு, ரோஸ் அத்தை உள்ளிட்ட ஆறு பெண்கள்.

“லாசர் அப்பவே கொண்டாந்து குடுத்திட்டாரு. அந்தம்மா தானா வந்து சொல்லுவாங்க, அதுவரைக்கும் காட்டிக்காதீங்கன்னு சொன்னாரு. நீங்க கிறிஸ்துமசுக்கு வந்தப்பதான் இந்தக் காலண்டர மாட்டினேன். நீங்ககூட தேதி தப்பா இருக்குன்னு சொன்னீங்களே.”

உண்மைதான். உரைக்குப் பின் வந்த கிறிஸ்துமசுக்கு வாழ்த்துச் சொல்லப் போயிருந்தபோது, அது முந்தைய ஆண்டின் நாட்காட்டி என்று நான் சுட்டிக்காட்டியிருந்தேன்.

நான் வந்து சொல்வேன் என்று லாசர் அவர்கள் எதை வைத்து நம்பினார் என்று எனக்கு விளங்கவில்லை. என்னிடம் அதற்கான சான்று எதுவும் அப்போது இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சீட்டு. அதே பிஸ்கட் டப்பாவில், தபால்தலை ஒட்டிய என் கடிதமும் இருக்கிறது. மெத்தனப் போக்கு யாருடையது என்பது எனக்கு நினைவிருக்க வேண்டும்.

கண்காட்சி நூலிலிருந்து என் கட்டுரையைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று குமரேசன் அன்போடு சொன்னார். நான் உடன்படவில்லை. இரண்டு படங்களும் ஒரே பக்கத்தில் வர வேண்டும். இடம் மாறிய படத்தின் கீழ் என் பெயர். சரியான படத்தின் கீழ் லாசர் அவர்களின் பெயரும், ரோஸ் அத்தையின் பெயரும். நூலின் முதல் பிரதி தேவதாஸ் அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

அச்சகத்தார் வெள்ளிக்கிழமைக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள். உங்கள் சம்மதத்தை வியாழன் மாலைக்குள் எழுதுங்கள். ஒரு வரி போதும்.