இயற்கையின் கண்ணில் படாத நோய்

ஆதிகேசவனுடைய அப்பா தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கடைசி சில வருஷம் தெருவில் தள்ளாடித்தான் நடந்தார். தோள் ஒரு பக்கம் இழுக்கும், விரல்கள் தானாக ஆடும், பேச்சு குழறும். குடிகாரன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவர் சாராயத்தைத் தொட்டதே இல்லை. ஒரு மழைநாளில் சாக்கடையில் விழுந்து செத்தபோது, தூக்க வந்தவர்கள் வாயை மோந்து பார்த்தார்கள். நாற்றம் ஏதும் இல்லை. அப்போதும் யாரும் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

மகன் விலங்கியல் படித்துவிட்டுப் பெங்களூருக்கு வந்து, ஜீவனஹள்ளியில் குடியேறினார். மனைவி ருக்மிணி காக்ஸ் டவுனில் பள்ளிக்கூட டீச்சர். ஒரே மகள் சிந்து. 1991-இல் ஆதிகேசவனுக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. பாமா என்ற விஞ்ஞானி அங்கே பழ ஈக்களை வைத்து, முதுமை ஏன் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். வாழைப்பழமும் வெல்லமும் ஈஸ்ட்டும் காய்ச்சி ஈக்களுக்குத் தீனி செய்வது, மயக்கம் கொடுத்து, மெல்லிய தூரிகையால் ஆண் பெண் பிரிப்பது, முட்டை எடுப்பது எல்லாம் ஆதிகேசவன் பொறுப்பு.

"சட்டையெல்லாம் பழக்கடை வாசனை. அங்க அப்படி என்னங்க பண்றீங்க?" என்று ருக்மிணி ஒருநாள் கேட்டாள்.

அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "ரெண்டு கூட்டம் வெச்சிருக்கோம். ஒண்ணுல இளவயசு ஈக்கிட்ட முட்டை எடுப்போம். இன்னொண்ணுல ரொம்ப நாள் தாக்குப்பிடிச்ச கிழட்டு ஈக்கிட்ட மட்டும்தான் எடுப்போம். தலைமுறை தலைமுறையா அப்படியே செஞ்சா, ரெண்டாவது கூட்டத்துக்கு ஆயுசு கூடிக்கிட்டே போகுது."

"அது எப்படி?"

"ரெண்டாவது கூட்டத்துல, கிழவயசுல வர்ற கோளாறு இருக்கிற ஈ, நாங்க முட்டை எடுக்கிறதுக்கு முன்னாடியே செத்துடும். அதோட அந்தக் கோளாறும் போயிடும். மொத கூட்டத்துல அப்படி இல்ல. முட்டைதான் வெச்சாச்சே, அப்புறம் ஈக்கு என்ன ஆனாலும் இயற்கைக்கு அக்கறை கிடையாது."

டார்வின் சொன்னது இத்தனை சுலபமாகப் புரியும் என்று நினைக்கவே இல்லை என்றாள் ருக்மிணி. ஆதிகேசவனுக்குப் பெருமையாக இருந்தது. அந்த வேலையில் அவருக்கு அப்படி ஒரு பிடிப்பு.

சில வருஷம் கழித்துத் தங்கவயலிலிருந்து அக்கா சுப்புலக்ஷ்மியின் சேதி வந்தது. பேய் பிடித்திருக்கிறதாம். போய்ப் பார்த்தார். அக்காவின் முகம் கோணிக் கோணி இழுத்தது. கைகள் காற்றில் எதையோ துழாவின. உடம்பெல்லாம் வேப்பிலையால் அடித்த தடிப்பு. அக்கா புருஷன் மாமாவிடம் சண்டை போட்டு, அக்காவைப் பெங்களூருக்குக் கூட்டிவந்து பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்.

டாக்டர் ஹண்டிங்டன் நோய் என்றார். மூளை கொஞ்சம் கொஞ்சமாக அழியும். மருந்து கிடையாது. "அப்பா அம்மால யாருக்காவது இருந்ததா?"

தெருவில் தள்ளாடிய அப்பாவின் நடை ஆதிகேசவனுக்கு ஞாபகம் வந்தது. "அப்பாவுக்கு," என்றார்.

"பெத்தவங்க ஒருத்தருக்கு இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரும்பாலும் முப்பத்தஞ்சு, நாப்பது வயசுக்கு மேலதான் தெரியவரும்."

மறுநாள் அவர் ஆராய்ச்சிக்கூடத்தில் பாமாவின் மேசை முன்னால் போய் நின்றார். "மேடம், ஒரு சந்தேகம். இவ்வளவு கொடுமையான வியாதியை இயற்கைத் தேர்வு ஏன் இன்னும் ஒழிக்கல?"

பாமா உற்சாகமாகத் தொடங்கினார். "நம்ம மொத கூட்டத்து ஈ மாதிரிதான் ஆதி. அறிகுறி வர்றதுக்குள்ள அவங்களுக்குப் பிள்ளைங்க..." ஆதிகேசவனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "யாருக்கு?"

"அக்காவுக்கு. அப்பாவுக்கும் இதுதான் போலிருக்கு." பிறகு, "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா மேடம்," என்றார்.

பாமா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கத்தினார். "என் பையன் ராஜேஷ்குமாருக்கு யாரு பொண்ணு குடுப்பான்? இதை வெளிய சொன்னே, நீ எனக்கு மச்சானே இல்ல." அக்கா அடுத்த ஆடி மாதம் செத்தாள். நோயைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் ராஜேஷ்குமாருக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள்.

ஆதிகேசவனுக்குத் தூரிகை விரலில் நிற்காமல் போனது அதற்குப் பிறகுதான். முதலில் அதை ருக்மிணியிடம் சொல்லவில்லை. ஒருநாள் பேருந்தில் கம்பியைப் பிடிக்கத் தடுமாறியபோது கண்டக்டர் கன்னடத்தில், "ஏன் சார், பெளிக்கேனே குடிதித்தீரா?" என்று கேட்டார். காலையிலேயே குடித்திருக்கிறீர்களா என்று. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பிரேசர் டவுனிலிருந்து வீடுவரைக்கும் நடந்தே வந்து, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ரத்தப் பரிசோதனையிலும் அவருக்கு அதே நோய் என்று உறுதியானது.

வேலையில் அவரை வைத்துக்கொள்ளப் பாமா முடிந்தவரை பார்த்தார். ஆனால் ஒரு மத்தியானம் கை உதறியதில் இரண்டு கண்ணாடிப் புட்டிகள் விழுந்து உடைந்தன. இளங்கூட்டத்து ஈக்கள் பறந்துபோய், திறந்திருந்த கிழட்டுக் கூட்டத்துக் கூண்டுக்குள் புகுந்துவிட்டன. எது எந்த ஈ என்று இனிமேல் யாராலும் பிரிக்க முடியாது. பல வருஷம் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த அந்த வம்சத்தை மொத்தமாகக் கொன்று போடவேண்டியதாயிற்று. யாரும் அவரைத் திட்டவில்லை. அவராகவே வேலையை விட்டுவிட்டார்.

சிந்துவுக்கு இருபத்தொரு வயது ஆனபோது ஓசூரிலிருந்து ஒரு வரன் வந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம் என்று சொல்லிவிடலாம் என்றாள் ருக்மிணி.

"சொ...ல்லிடணும்," என்றார் ஆதிகேசவன். அதற்குள் அவருடைய பேச்சு வீட்டிலிருப்பவர்களுக்குத்தான் புரியும் என்றாகிவிட்டது.

"உங்க நியாயத்துக்கு என் பொண்ணு பலியா?"

பெண் பார்க்க வந்த அன்று அவரை உள்ளறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினாள். அவர் சுவரைப் பிடித்தபடி கூடத்துக்கு வந்துவிட்டார். பையனின் தகப்பனாரைப் பார்த்து ஏதோ சொன்னார். அவர்களுக்குப் புரியவில்லை. தட்டோடு நின்ற சிந்துதான் அதைத் திருப்பிச் சொன்னாள். "இது பரம்பரை வியாதின்னு சொல்றாரு. எனக்கும் இருக்கலாமாம்."

வந்தவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

ருக்மிணி அவருக்குச் சோறு ஊட்டினாள், துடைத்துவிட்டாள், துணி மாற்றினாள். பேச்சு மட்டும் இல்லை. கடைசி இரண்டு வருஷமும் அப்படியே போனது. விழுங்க முடியாமல் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கி, காய்ச்சல் கண்டு, 2006 மார்கழியில் அவர் இறந்தார். சாகும்போது எலும்பும் தோலுமாக, அந்த உடம்பு முதல்முறையாக ஆடாமல் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் ருக்மிணி அலறி அழுதாள்.

அடுத்த வருஷம் சிந்து தானே போய்ப் பரிசோதனை செய்துகொண்டாள். அவளுக்கு அந்த நோய் இல்லை. சொன்னதும் அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள். ருக்மிணி சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்டி," என்றாள்.

சிந்து தங்கவயலுக்குப் போய் ராஜேஷ்குமாரைப் பார்த்தாள். பரிசோதித்துக்கொள்ளச் சொல்லத்தான் போனாள். சைக்கிள் கடை வாசலில் அவன் காற்றடித்துக்கொண்டிருந்தான். பம்ப்பைப் பிடித்த கையில் சுண்டுவிரல் மட்டும் தனியாகத் துடித்தது. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"உள்ள வா சிந்து, டீ சாப்பிடலாம்," என்றான். அவன் மனைவி மூன்றாவது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.