பேட்டரிப் பெட்டியின் மேல் ஒரு விளக்கு

இதை யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் அப்பாவிடம் நிச்சயமாகக் காட்டாதீர்கள். வசந்தா ஆன்ட்டி, நாளைக்குக் கருமாதியில் வாசிப்பதற்கு அத்தையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது. அத்தையோடு கடலூர் ஆபீசில் வேலை பார்த்த நீங்கள் மட்டும் படியுங்கள். கூட்டத்தில் வாசிக்க இது உதவாது.

சேதி வந்தபோது நான் சிதம்பரத்தில் டியூஷனில் இருந்தேன். சார் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, விரித்துக் கிடந்த என் புத்தகங்களை அவரே பையில் அடுக்கி மூடினார். அவர் யாருடைய பையையும் தொட்டுப் பார்த்ததில்லை. எனக்குப் பாதி அப்போதே தெரிந்துவிட்டது. தமயந்தி அத்தை கடலூர் கடற்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு டீ வாங்கப் போன இடத்தில் மார்வலி வந்து விழுந்துவிட்டார்.

அந்த வண்டியில் நீங்களும் போயிருப்பீர்கள். பள்ளிக்கூட வேனாக ஓடியதை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுக் கட்டில், விளக்கு, ஃபேன், சின்ன ஃப்ரிட்ஜ் என்று வீடாகவே மாற்றிக்கொண்டார். "தனியா ஒரு பொம்பள வேன்ல படுத்துக் கெடந்தா ஊர்ல என்னா பேசுவாங்க?" என்று அப்பா கேட்டதற்கு, "பேசறவங்க வீட்டு வாசல்லயே நிறுத்திப் படுத்துக்கறேன், காதுல உழட்டும்" என்றார் அத்தை. அவருக்கு வயது கூடியதே தவிர வாய் குறையவில்லை.

எதையும் யோசிக்காமல் முடிவெடுக்கும் அத்தை, அந்த வண்டிக்கு என்ன பேட்டரி வைப்பது என்பதில் மட்டும் எங்கள் எல்லோர் உயிரையும் வாங்கினார். தண்ணீர் ஊற்றுகிற பேட்டரியா, மூடின பேட்டரியா? பொங்கலுக்கு வந்தாலும் அதே பேச்சு, கல்யாணத்துக்குப் போனாலும் அதே பேச்சு. கடைசியில் சிதம்பரத்தில் பேட்டரிக் கடை வாசலில் அக்காவும் தம்பியுமாக அத்தையும் அப்பாவும் சண்டை போட்டார்கள். நானும் கூட இருந்தேன்.

"மூடுனது செத்தா சொல்லாம கொள்ளாம செத்துடும்க்கா. இதுன்னா மூடியத் தெறந்து பாக்கலாம், தண்ணி ஊத்தலாம். என் டிராக்டர்ல எத்தினி வருசமா ஓடுது!"

"உன் டிராக்டர் மேல நீ படுத்துத் தூங்கறியாடா? நான் அது மேலதான் படுக்கணும். சார்ஜ் ஏறும்போது அதுலேர்ந்து கேஸ் வருமாம்."

"ஒரு பைப்பு வச்சி வெளிய உட்டா போச்சி. எல்லாத்துக்கும் பயந்தா வூட்லயே கெட."

கடைக்காரர் இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அத்தை டீயைக் குடித்து முடித்தார். "சரி, தம்பி ஆசப்படறான். அதையே போடுங்க" என்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பிறத்தியார் பேச்சைக் கேட்டார். அதற்கு இந்த விஷயம்தானா கிடைத்தது?

வாங்கிய பிறகு வண்டிக்குள் ஊதுபத்திகூட ஏற்றியதில்லை. அடுப்பை வெளியே வைத்துத்தான் சமைப்பார். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் அப்பாவுக்குப் போன் செய்து, "உன் மாடுங்களுக்குத் தண்ணி காட்டியாச்சி" என்பார். அப்பா சிரிப்பார். கடைசியாக வந்த போனில் அப்பா சிரிக்கவில்லை. புளித்த வாடையில் ராத்திரியெல்லாம் தலைவலி, இதை மாற்றி மூடின பேட்டரியே போடப் போகிறேன் என்று அத்தை சொல்லியிருக்கிறார். "அப்ப என் பேச்சக் கேட்டு எதுக்கு வாங்கின?" என்று அப்பா போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

இப்போது அந்த வண்டி புவனகிரியில் எங்கள் வாசலில் நிற்கிறது. "அவ வூடு இதுதான்" என்று அப்பாவே அத்தையின் படத்தை வண்டிக்குள் வைத்தார். கட்டில் பலகையை எடுத்துவிட்டால் வைக்க வாகாக இருந்த இடம் அடியில் இருந்த பேட்டரிப் பெட்டி. அதன் மேல் படம், படத்துக்கு முன்னால் விளக்கு. கருமாதி வரைக்கும் அணையக் கூடாதாம். சாமி கும்பிடுகிற இடத்தில் வாடை வருகிறது என்று பெரியப்பா, கேஸை வெளியே விடுகிற அந்தப் பைப்பில் துணியைத் திணித்து அடைத்துவிட்டார். வந்தவர்கள் ஃபேன் போட்டுக்கொள்ள வேண்டுமே என்று வீட்டிலிருந்து ஒயர் இழுத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றுகிறார்கள். சார்ஜ் ஏறும்போது வருவது ஹைட்ரஜன். நெருப்புப் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் லேபில் சோதனைக் குழாயிலேயே பார்த்திருக்கிறேன்.

சொல்லவில்லையா? சொன்னேன். பெரியப்பா, "எழவு வூட்ல வெடி கிடின்னு பேசாத" என்றார். அம்மா, "உங்கப்பாகிட்ட நீயே சொல்லு" என்றார். பேட்டரிக் கடைக்குப் போன் செய்தேன். "பெரியவங்க யாராவது இருந்தா குடும்மா" என்றார்கள். அப்பாவிடம் "அந்த பேட்டரி..." என்று ஆரம்பித்தவுடனே, "அந்தப் பேச்சையே எடுக்காத!" என்று கத்தினார். பிளக்கைப் பிடுங்கினேன். யாரோ கால் தடுக்கியிருக்கும் என்று மறுபடியும் சொருகிவிட்டார்கள். துணியை உருவினேன். எலியின் வேலை என்று இன்னும் இறுக்கி அடைத்தார்கள்.

அதனால் விளக்கை ஊதி அணைத்தேன். நான்தான். எல்லோரும் படுத்த பிறகு போய் அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு வருவேன். முதல் தடவை காற்று என்றார்கள். அப்புறம், தமயந்திக்கு மனசு ஆறவில்லை என்று பேச ஆரம்பித்தார்கள். நேற்றுக் காலையில் அப்பா அணைந்த திரியைப் பார்த்துக்கொண்டு, "என் மேலதான் கோவம். நான் ஏத்தற வெளக்கக்கூட வேணாங்குது" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அத்தை, உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். மூடின பேட்டரியை வாங்கியிருந்தால் நான் இந்தப் பாவத்தைச் செய்திருக்க வேண்டாம்.

இன்று அப்பா வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். கடைசி ராத்திரியாவது விளக்கைக் காப்பாற்றிக் காட்டுகிறேன் என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டார். அணைக்க வழியில்லை. "எந்த மெஷினுக்கும் ஒரு ஃபியூஸ் இருக்கும், அது எங்கன்னு மொதல்ல பாத்து வச்சிக்க" என்று அத்தை வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். உங்களிடமும் சொல்லியிருப்பார். சாயங்காலம் காபி கொடுக்கப் போனபோது பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, சார்ஜர் ஒயரில் இருந்த அந்த ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது இல்லாமல் சார்ஜ் ஏறாது, கேஸும் வராது. அத்தையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். சுண்டுவிரல் நகம் அளவு கூட இல்லை.

ஆன்ட்டி, நாளை வந்தவுடன் அந்த பேட்டரியைப் பற்றி நீங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். விளக்கை அணைத்தது அத்தை இல்லை என்பதை மட்டும் எப்படிச் சொல்வது என்று எனக்குத்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "பாப்பா, தூங்கிட்டியா? எழுந்து வந்து பாரு. வெளக்கு அணையவே இல்ல. அக்காவுக்குக் கோவம் போயிடுச்சி, பாப்பா" என்கிறார். அழுகிறார் என்று நினைக்கிறேன். ஃபியூஸ் என் கையில் இருக்கிறது. கதவைத் திறக்கப் போகிறேன்.