சிங்கப்பூர் ஸ்பீக்கர்

தூத்துக்குடியில் நண்பன் சேவியர் வீட்டில், விலை உயர்ந்த இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். "நடுவுல உக்காருலே, அப்பத்தான் வித்தியாசம் தெரியும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். புது மரப்பெட்டியின் வாசனை வந்தது. அந்த வாசனையில் நான் மறுபடி எட்டு வயதுப் பையனாகிவிட்டேன்.

கப்பலில் வேலை பார்த்த அப்பா, சிங்கப்பூரிலிருந்து இரண்டு ஸ்பீக்கர்கள் கொண்டுவந்திருந்தார். அறையின் இரு மூலைகளிலும் வைத்துவிட்டு அம்மாவை நடுவில் உட்காரவைத்தார்.

"ஏளா, ரெண்டுல எது நல்லா பாடுது?"

"வலப்பக்கத்துப் பெட்டிதான் பாடுது. மத்தது சும்மால்லா இருக்கு."

அப்பா வயரை மாற்றிச் செருகினார். பெட்டிகளை இடம் மாற்றினார். அம்மா அதையேதான் சொன்னாள். எரிச்சலில் அவளை நாற்காலியோடு பின்பக்கமாகத் திருப்பினார்.

"இப்ப மத்த பெட்டி பாடுது" என்றாள்.

அப்பா பாட்டை நிறுத்தி, அம்மாவின் வலக்காதைப் பொத்திக்கொண்டு, இடக்காதருகே குனிந்து அவள் பெயரைச் சொன்னார். அம்மா அசையவில்லை.

கையை எடுத்துவிட்டு, "ஏன்ளா இத்தன வருசமா சொல்லல?" என்றார்.

"எல்லாருக்கும் ஒரு காதுதான் கேக்கும்னுல்லா நெனச்சேன்."

அப்பா மறுபடி பாட்டைப் போட்டார். தன் இடக்காதைப் பொத்திக்கொண்டு, அவளருகே தரையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார்.

"எதுலே நல்லாருக்கு?" என்று சேவியர் கேட்டான்.

அந்த வயதில் தினமும் தூங்கும் முன் அம்மாவின் இடப்பக்கம் படுத்து, அவள் காதுக்குள் ரகசியமெல்லாம் சொல்வேன். எதுவுமே அவளுக்குக் கேட்டிருக்காது என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொன்றுக்கும் அம்மா "ம்" கொட்டியிருக்கிறாள்.